ஈவ் ஆன்லைன்: தூர வளையங்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அண்மையில் தம் கப்பலை இழந்துவிட்டு, "அவன் வளையத்துக்குள்ளேதானே இருந்தான் அண்ணா, அப்புறம் ஏன் சாகவில்லை?" என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே சொற்களில் நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட இந்த விண்வெளிக் கப்பல் விளையாட்டில், தூரத்தைக் காட்ட நம் கப்பலைச் சுற்றி வளையம் வளையமாக விரியும் டாக்டிகல் ஓவர்லேயை நாங்கள் இருவரும் நம்பினோம். நம்பியதில் தவறில்லை, அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஓவர்லேயைத் திறக்க மறப்பது, மீட்டரைக் கிலோமீட்டராகப் படிப்பது போன்ற பிழைகள் நான்கு நாளில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெளி வளையத்தைச் சுடும் எல்லையாகக் கருதுவது

பீரங்கியின் பொத்தான் மீது மவுஸை வைத்தால் ஆப்டிமல், ஃபால்ஆஃப் என்ற இரண்டு தூரங்கள் தெரியும். ஆப்டிமல் வரை தூரத்தால் எந்த இழப்பும் இல்லை. அதைத் தாண்டி ஃபால்ஆஃப் தூரத்துக்குள் போனதும் குறி தவறத் தொடங்குகிறது. புதியவர்கள் இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை வரை, அதாவது வெளி வளையம் வரை, குண்டு போய்ச் சேரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போய்ச் சேரும் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை குண்டுகள் சேரும் என்பதில்தான் கப்பலின் உயிர் இருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, ஆப்டிமல் 3 கிலோமீட்டர், ஃபால்ஆஃப் 15 கிலோமீட்டர் உள்ள ஒரு பீரங்கியை எடுத்துக்கொள்வோம். இலக்கு பக்கவாட்டில் நகரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பாதி ஃபால்ஆஃபில், அதாவது 10.5 கிலோமீட்டரில், 84 சதவீதக் குண்டுகள் படும். 18 கிலோமீட்டரில், அதாவது புதியவர்கள் எல்லை என்று நினைக்கும் இடத்தில், 50 சதவீதம் படும். 33 கிலோமீட்டரில் வெறும் 6 சதவீதம். இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. குறி தவறும் வாய்ப்பு கூடும்போது, முதலில் காணாமல் போவது பலமான அடிகள்தான், ஏனென்றால் படுமா என்பதையும் எவ்வளவு பலமாகப் படும் என்பதையும் தற்செயலாக விழும் ஒரே எண்ணே தீர்மானிக்கிறது. ஆகவே 18 கிலோமீட்டரில் பாதிக் குண்டுகள் பட்டாலும், சேதம் பாதியாக இல்லாமல் ஏறக்குறைய 39 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது.

நான் இழந்தது ஒரு ஹரிக்கேன். ஆட்டோகேனன் பீரங்கிகள் பூட்டிய கப்பல், ஃபால்ஆஃபிலேயே பிழைப்பு நடத்துவது. எதிரி 18 கிலோமீட்டர் அருகே வட்டமடித்தபடி 24 கிலோமீட்டர் எட்டும் வார்ப் டிஸ்ரப்டரால், அதாவது வார்ப்பில் தாவித் தப்பவிடாமல் தடுக்கும் கருவியால், என்னைப் பிடித்து வைத்திருந்தான். அதேபோலத் தடுக்கும், ஆனால் 9 கிலோமீட்டர் மட்டுமே எட்டும் என் ஸ்கிராம்ப்ளர் அவனைத் தொடவில்லை. ஆனால் திரையில் அவன் என் வெளி வளையத்துக்குள் பளிச்சென்று தெரிந்ததால், விலகவும் முயலாமல், நெருங்கவும் முயலாமல், நிம்மதியாகச் சுட்டுக்கொண்டே இருந்தேன். காகிதத்தில் நொடிக்கு 400 சேதம் தரும் பீரங்கிகள் அந்த இடத்தில் 156 தான் தரும். அவனுடைய ரிப்பேர் கருவி அதைச் சிரமமின்றி ஈடுகட்டியது. என் திரையில் அவன் கவசம் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்ததில் கப்பல் போயிற்று. தொடக்கத்திலேயே ஓடியிருக்கலாம், அல்லது வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரை அழுத்தி நெருங்கப் பார்த்திருக்கலாம். எது சரியாக இருந்திருக்கும் என்பதைவிட, ஏதாவது செய்ய வேண்டிய கட்டம் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

எனவே இப்போதெல்லாம் புதியவர்களிடம் ஆப்டிமலுடன் ஃபால்ஆஃபில் பாதியைக் கூட்டி அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இந்தக் கணக்கில் டிராக்கிங், அதாவது இலக்கைத் தொடர்ந்து பீரங்கி திரும்பும் வேகம், சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மிக அருகே வேகமாகச் சுற்றும் சிறு கப்பல் ஆப்டிமலின் நடுவிலேயே இருந்தாலும் பீரங்கியால் திரும்பிக் குறிபார்க்க முடியாது. வளையம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

குண்டை மாற்றிவிட்டுப் பழைய எண்ணை நம்புவது

ரெயில்கன் பீரங்கியில் சேதம் அதிகமுள்ள ஆன்டிமேட்டர் குண்டு போட்டால் ஆப்டிமல் பாதியாகும், அயர்ன் குண்டு போட்டால் 60 சதவீதம் கூடும். ஒரே பீரங்கிக்கு மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு இது. புதியவர்களுக்குச் சேதம் அதிகமுள்ள குண்டின் மேல்தான் ஆசை, மனப்பாடம் செய்திருப்பதோ வேறு குண்டின் தூரத்தை. குண்டை மாற்றியபின் பொத்தானின் மேல் மவுஸை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஏவுகணை வளையம்

ஏவுகணைக்கு ஃபால்ஆஃப் கிடையாது, எட்டினால் முழுமையாக எட்டும். ஆனால் திரையில் தெரியும் தூரம் அசையாத இலக்குக்கு உரியது. நொடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 10 நொடி பறக்கும் ஏவுகணைக்கு 40 கிலோமீட்டர் என்று ஓவர்லே காட்டும். இலக்கு நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நேராக விலகி ஓடினால், 20 கிலோமீட்டருக்குள் ஏவியவை மட்டுமே அதைத் தொடும்.

மேலிருந்து பார்ப்பது

கேமராவைச் செங்குத்தாக மேலே கொண்டுபோனால் தலைக்கு மேல் 30 கிலோமீட்டரில் இருப்பவன் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிவான். சாய்த்து வைத்துப் பாருங்கள்.

கண்ணளவு

சுற்றியுள்ள கப்பல்களைத் தூரத்தோடு பட்டியலிடும் ஓவர்வியூவில் வரும் எண் கப்பலின் மையத்திலிருந்து அளந்ததன்று, இரு உடல்களின் விளிம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி அது. பெரிய கப்பல்கள் அருகில் கண் ஏமாறும், எண் ஏமாற்றாது. ஆனால் அந்த எண்ணும் கொஞ்சம் பழையதுதான். சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது, நொடிக்கு 4 கிலோமீட்டர் பறக்கும் இன்டர்செப்டர் என்ற சிறு கப்பல் அதற்குள் எங்கோ போயிருக்கும். ஸ்கிராம்ப்ளரை 9 கிலோமீட்டர் வந்த பிறகு அழுத்தலாம் என்று காத்திருப்பவர்கள் அதை அழுத்தியதே இல்லை.

எதிரியின் வளையம்

திரையில் வராது. டிஸ்ரப்டரை அதிவெப்பத்தில் ஓட்டினால் 24 கிலோமீட்டர் 28.8 ஆகும் என்பதும் வராது.