‘டீபிளேன்’ என்றால் இறங்கினார்களா, இறக்கிவிட்டார்களா?

விமானச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது ‘டீபிளேன்’ என்ற சொல் வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். விமானத்தை விட்டு இறங்குவதுதான் பொருள். ஆனால் அதோடு முடிவதில்லை.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘டீ’ லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு, விட்டு விலகுவதைக் குறிக்கும். ‘பிளேன்’ ஏரோபிளேனின் சுருக்கம். ரயிலை விட்டு இறங்க ‘டீட்ரெயின்’ என்ற சொல் 1880-களிலேயே புழங்கியது. 1920-களில் அதே அச்சில் விமானத்துக்கும் ஒன்று வார்த்துக்கொண்டார்கள். இன்னும் பழைய ‘டிஸ்எம்பார்க்’ கப்பலுக்குரியது, அதிலுள்ள ‘பார்க்’ என்பதே படகுதான்.

அப்புறம், செய்தது யார் என்று பாருங்கள். இதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் பயணி தானாக இறங்கினாலும் டீபிளேன், ஊழியர்கள் இறக்கிவிட்டாலும் டீபிளேன். தமிழில் ஓர் எழுத்து போதும்: இறங்கு, இறக்கு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான்.

இருக்கைத் தகராறில் ஒரு குடும்பத்தை விமானத்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி ஒருமுறை என்னிடம் வந்தது. அவசரத்தில் ‘குடும்பத்தினர் விமானத்திலிருந்து இறங்கினர்’ என்று எழுதிவிட்டேன். கைக்குழந்தையோடு வெளியே அனுப்பப்பட்டவர்கள், என் வரியில் தாங்களாகவே எழுந்து போனவர்களாகிவிட்டார்கள். அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. இன்றைக்கும் உறுத்துகிறது. ‘இறக்கிவிடப்பட்டனர்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, பயணிகளோடு தரையிலேயே நின்றுவிட்ட உள்நாட்டு விமானத்தில் 3 மணி நேரத்துக்குள், பன்னாட்டு விமானத்தில் 4 மணி நேரத்துக்குள் ‘டீபிளேன்’ செய்ய வாய்ப்புத் தர வேண்டும். பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. இதை ‘இறக்கிவிட வேண்டும்’ என்று எழுதினால் தப்பு. விரும்புகிறவர் இறங்கலாம், மற்றவர் உட்கார்ந்திருக்கலாம். எனவே ‘இறங்க வாய்ப்பளிக்க வேண்டும்’ என்பதே சரி.

தமிழில் விமானமும் இறங்கும், பயணியும் இறங்குவார். ‘சென்னையில் இறங்கியதும்’ என்றால் எது என்று தெரியாது. அதனால் விமானத்துக்கு ‘தரையிறங்கு’ என்றும் ஆளுக்கு வெறும் ‘இறங்கு’ என்றும் வைத்துக்கொள்கிறேன்: விமானம் தரையிறங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் பயணிகள் இறங்கினார்கள்.