கடன் வட்டியை ஒப்பிடும்போது சிபில் ஸ்கோர் அடி வாங்காமல் இருக்க

மாடி கட்டப் பர்சனல் லோன் தேடினேன். எங்கே வட்டி குறைவு என்று பார்க்க ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆறாவது இடத்தில் மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஊர் பூரா கேட்டிருக்கீங்க போல?" என்றார். விண்ணப்பம் போடும் ஒவ்வொரு இடமும் நம் கடன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். அது அதில் பதிவாகும். இப்படி அடுத்தடுத்துப் பதிவானால் சிபில் ஸ்கோர், அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்துக்கான மதிப்பெண், குறையக்கூடும். அதன்பிறகு நான் கற்றுக்கொண்ட வழி இது.

1. முதலில் உங்கள் ரிப்போர்ட்டை எடுங்கள். நம் கடன் விவரத்தைத் தொகுத்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கு நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் நேராக அவர்கள் தளத்திலேயே எடுப்பேன். இலவச ஸ்கோர் காட்டும் ஆப்களில் நம்பரைக் கொடுத்தால் லோன் வேண்டுமா என்று போன் வந்துகொண்டே இருக்கும். நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

2. ஸ்கோரை விட்டுவிட்டு 'என்கொயரி' பகுதிக்குப் போங்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்று வரிசையாக இருக்கும். என்னுடையதில் எட்டு வரி இருந்தது. நான் போட்டதோ ஐந்து!

3. நான் வழுக்கிய இடம் இதுதான். ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் 'தகுதி பார்க்க' என்ற பட்டனுக்கு மேலே ஒரு டிக் பெட்டி. படிக்காமல் தட்டினேன். 'எங்கள் கூட்டாளி நிறுவனங்கள்' என் விவரத்தை எடுக்க அதிலேயே சம்மதம் கொடுத்திருக்கிறேன். மீதி மூன்று வரி அப்படி வந்தவை. பான் நம்பரும் ஓடிபியும் கேட்டால் சற்று நில்லுங்கள். அந்தச் சம்மத வாசகம் முழுவதையும் படித்த பிறகே தட்டுங்கள்.

4. சரி, எப்படித்தான் ஒப்பிடுவது? ஸ்கோரைச் சொல்லி, பான் கொடுக்காமல், "இந்த ஸ்கோருக்கு வட்டி, பிராசசிங் கட்டணம் எவ்வளவு?" என்று கிளையில் கேளுங்கள். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில். கடைசியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடத்தில் மட்டும் விண்ணப்பம். கையெழுத்துக்கு முன் தரும் முக்கிய விவர அறிக்கையில் ஏபிஆர் (ஆண்டுச் சதவீத விகிதம்) எண்ணைப் பாருங்கள். கட்டணங்களும் சேர்ந்த உண்மையான செலவு அதில்தான் தெரியும்.

பின்சேர்க்கை: கேட்காத கடனுக்கு என்கொயரி இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் (சிபில் போன்றவை) தளத்திலேயே 'டிஸ்பியூட்', அதாவது ஆட்சேபப் புகார், போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புகார் எண்ணை மட்டும் மறக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.