ஓரறை வீட்டில் கைபேசியைக் குறைப்பது எப்படி?

கைபேசிப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டுமென்றால், பெரும்பாலோர் முதலில் சொல்வது ‘இரவில் அதை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள்’ என்பதுதான். வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் ஏராளம். அங்கே வேறோர் அறைக்கு எங்கே போவது? காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுக்கச் செல்பவருக்கும், செயலி வழியாகச் சவாரி பிடிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும், வீடு வீடாக உணவு கொண்டுசேர்க்கும் இளைஞருக்கும் கைபேசிதான் பிழைப்பு. அதை அணைத்துவைக்கச் சொல்வதும் நியாயமாகாது. ஆகவே பிழைப்புக்கான பயன்பாட்டில் கைவைக்காமல், காரணமே இல்லாமல் விரல் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் குறைப்பதற்கான வழிகளைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியின் செட்டிங்ஸில் உள்ள ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதி, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை பூட்டைத் திறந்தோம் என்பதையும் காட்டும். மொத்த மணி நேரத்தைவிட இந்த இரண்டாவது எண்ணிக்கையையே கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. நாளெல்லாம் மேப் பார்த்து வண்டி ஓட்டுபவரின் மணிக்கணக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வேலையின்றிக் கை போகும் பழக்கத்தைக் காட்டிக்கொடுப்பது திறந்த தடவைகள்தான்.

அந்த எண்ணிக்கையைக் கண்டு உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பக்கத்தின் அடி என்று ஒன்று இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் திரையமைப்பை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நிறுத்தத் தோன்றாதபடி அமைக்கப்பட்ட ஒன்றை மனஉறுதியால் மட்டும் வெல்ல முயன்று களைத்துப்போவதைவிட, அந்த அமைப்பையே மாற்றிவிடுவது எளிது.

அறிவிப்புகளிலிருந்து தொடங்குங்கள். அழைப்பு, பணப் பரிமாற்றம், வேலை தரும் செயலி ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்து, மற்ற அனைத்தின் அறிவிப்பையும் நிறுத்திவிடலாம். கடை வைத்திருப்பவர்கள், பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால், அதற்காகக் கைபேசியை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் உறவினர் குழு, தெருக் குழு, பள்ளிக் குழு எல்லாவற்றையும் மியூட் செய்து, ஆர்க்கைவுக்கு அனுப்பிவிட்டு, காலையும் மாலையும் ஒரு நேரம் வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே அவசரமென்றால் அழைக்கத்தான் செய்வார்கள்.

யூடியூபுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை. பார்த்த காணொளிகளைக் குறித்துவைக்கும் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழைய பதிவுகளையும் அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை. 2023 முதல் இந்த முறை நடப்பில் உள்ளது. தேடினால் மட்டுமே காணொளி வரும் என்பதால், எதைப் பார்க்க வந்தோமோ அதைப் பார்த்துவிட்டு வெளியேற முடிகிறது. இன்ஸ்டாகிராம் செயலியை நீக்கிவிட்டு, வேண்டும்போது மட்டும் குரோம் வழியாக உள்ளே சென்று, முடிந்ததும் லாக் அவுட் செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் போட வேண்டியிருந்தாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

இரவுதான் கடினமான நேரம். நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளந்து தரும் ரீசார்ஜ் திட்டங்களில், மிச்சமிருப்பதை 12 மணிக்குள் தீர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. தூக்கத்தைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்த மிச்சத்துக்கு மதிப்பில்லை. 10 மணிக்கு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சாதாரண அழைப்புகள் அப்போதும் வரும். வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் வராது என்பதை வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தலையணைக்கு அருகிலுள்ள பிளக்கில் சார்ஜ் போடாமல், அடுப்பு மேடைக்கு எதிர்ப்புறமோ பீரோவின் மேலோ வைத்தால், அலாரம் அடிக்கும்போது எழுந்து சென்றுதான் அணைக்க முடியும். தனி அலாரக் கடிகாரம் வாங்கிவிட்டால் அந்தத் தொடர்பும் அறுந்துவிடும்.

விட்ட நேரத்தில் கைக்கு வேறு வேலை வேண்டும்; வடசென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருமுனையில் போர்டைச் சுற்றி நால்வர் உட்கார்ந்துவிட்டால், விரலெல்லாம் பவுடர் ஒட்டியிருக்க, அடுத்த காயில் கண் இருக்க, கைபேசியை எடுக்க யாருக்கும் தோன்றாது. பிள்ளைகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்குவதற்கு முன்பே இப்படியொரு ஆட்டத்தைத் தொடங்கிவிடுவது முக்கியம்.

இவையெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டு, வேலையோ படிப்போ தடைபட்டு, கைபேசி இல்லாதபோது கடும் எரிச்சலும் பதற்றமும் வருகிறதென்றால், மருத்துவ உதவியை நாடத் தயங்க வேண்டாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேரில் செல்ல விரும்புபவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன.