குற்றத்தை ஆளுமையால் விளக்கும் கோட்பாட்டை எடைபோடுவது எப்படி?

ஒருவரின் ஆளுமையே அவரைக் குற்றத்துக்குத் தள்ளுகிறது என்று சொல்லும் எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், அது எந்த வழியாகத் தள்ளுகிறது என்பதற்கான விளக்கத்தை முதலில் தேடுங்கள். லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் 1964-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு நல்ல பயிற்சிக்களம். தவறு செய்த குழந்தை தண்டிக்கப்படும்போது அந்தத் தவறோடு அச்சமும் சேர்ந்து பதிகிறது. அது திரும்பத் திரும்ப நிகழ்ந்து உறுதிப்படுவதே மனசாட்சி என்றார் அவர். புறமுக ஆளுமையினரின், அதாவது கூட்டத்தையும் பரபரப்பையும் நாடுவோரின், மூளை இயல்பிலேயே குறைந்த கிளர்ச்சி (விழிப்புத் தூண்டல்) நிலையில் இருப்பதால், அவர்களிடம் இப்பதிவு மெதுவாகவே உருவாகிறது என்பது அவர் வாதம்.

அடுத்து, ஆளுமையை அளக்கப் பயன்படுத்திய வினாத்தாளை வரிவரியாகப் படியுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். அடிக்கடி வெளியே போய்வரப் பிடிக்குமா என்ற கேள்விக்குச் சிறைக்கைதி என்ன பதில் எழுதுவார்? அவரிடம் தென்படும் பதற்றம் குற்றத்துக்கு முன்பே இருந்ததா, சிறைவாசம் தந்ததா? புறமுகத்தன்மை, பதற்றம் ஆகிய இரு பரிமாணங்களோடு ஐசெங்க் பின்னர் சேர்த்த மூன்றாம் பரிமாணம் இரக்கமின்மையையும் முரட்டுத்தனத்தையும் அளப்பது. குற்றவாளிகளிடம் அது மிகுந்திருப்பதாக ஆய்வுகள் காட்டினாலும், விளக்க வேண்டிய நடத்தையையே வேறு பெயரில் அளந்துவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. புறமுகத்தன்மைக்குக் கிடைத்த சான்றுகளோ ஆய்வுக்கு ஆய்வு முரண்படுகின்றன.

குழுக்களின் சராசரி வேறுபாட்டை வைத்துத் தனியொருவரின் நடத்தையைக் கணித்துச் சொல்லும் பத்திகளை ஒதுக்கிவிடுங்கள்.