கெளுத்திய பார்த்தவுடனே எந்தக் குடும்பம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கெளுத்தி வகை மீன் எல்லாம் சிலூரிஃபார்மிஸ்ங்கற ஒரே வரிசைல வரும், உலகத்துல 4000 இனத்துக்கு மேல இருக்கு, அதனால இனம் வரைக்கும் போகாம குடும்பத்த மட்டும் பிடிச்சா போதும்.

முதல்ல செதில் இருக்கான்னு பாருங்க, இந்த வரிசைல எதுக்குமே செதில் கிடையாது (தொட்டில வளர்க்கிற சக்கர் மீனுக்கு மேல இருக்கறது எலும்புத் தகடு, செதில் இல்ல). தூக்கும்போது ஜாக்கிரதை, முதுகுலயும் ரெண்டு பக்கத் துடுப்புலயும் இருக்கற முள்ளு நிமிர்ந்து பூட்டிக்கும், செத்த மீனும் குத்தும்.

அடுத்து முதுகுத் துடுப்பு. தலைக்குப் பின்னாடி ஆரம்பிச்சு வால் கிட்ட வரைக்கும் நீளமா ஓடுச்சுன்னா கிளாரிடே குடும்பம், இந்தியால தடை பண்ண ஆப்பிரிக்கன் கெளுத்தி இதுலதான் வரும். துடுப்பு குட்டையா இருந்து, வாலுக்கு முன்னாடி சின்னதா சதைத் துடுப்பு ஒண்ணு இருந்தா மீசைய எண்ணுங்க: மூக்குத் துவாரத்துலயும் சேர்த்து நாலு ஜோடின்னா பெரும்பாலும் நம்ம ஆத்துக் கெளுத்தி, பாக்ரிடே. மூக்குல மீசை இல்லன்னா பெரும்பாலும் கடல் கெளுத்தி, ஏரிடே. இதுல ஆண் மீன்தான் கோலிகுண்டு மாதிரி முட்டைய வாய்லயே அடைகாக்கும், அதுவரைக்கும் பாவம் சாப்பாடே இல்ல!

தேளி மட்டும் தனி கேஸ், முதுகுல குட்டியூண்டு துடுப்பு, முள்ளே இருக்காது, ஆனா பக்கத் துடுப்பு முள்ளுல விஷம், கடுகடுன்னு வலிக்கும்.