தேயிலைக்காட்டு வீட்டு ஜெபத்தில் கிருபையைப் பற்றிப் பேசுவது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வீட்டு ஜெபங்களில் இது வழக்கம்தான். ஆயர் வர முடியாத வாரம் ஒன்று வரும், பைபிள் கொஞ்சம் வாசிக்கிற ஆள் என்று உங்களைப் பிடித்து, "இந்த வாரம் நீங்களே பேசிடுங்க, தேவகிருபையைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உடனே நம் கை எபேசியர் 2:8-க்குப் போகும். தகுதியில்லாத நமக்குத் தேவன் காட்டுகிற தயவு என்று ஒரு விளக்கம், கூட நாலு வசனம், எல்லோரும் ஆமென், டீ. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுப் பழகின காதில் இது ஏறாது.

கிருபைக்கு அளவே இல்லை என்று சொன்னால் யாருக்கும் கசக்காது. அதே கிருபை, நமக்குப் பிடிக்காத அந்த ஆளுக்கும் குறைவில்லாமல் போகிறது என்றால்தான் முகம் மாறும். பேச்சை அந்த இடத்தில் தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. அதற்கு மத்தேயு 20-ஐ எடுங்கள், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் கதை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வெவ்வேறு நேரத்தில் வேலைக்கு வந்த எல்லோருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிற கதை அது. தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் இந்தக் கதைக்கு அகராதியே வேண்டாம், ஆராய்ச்சிப் புத்தகமும் வேண்டாம்.

முதலில் நேரக்கணக்கைச் சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்து யூதர்களின் மூன்றாம் மணி நமக்குக் காலை 9, ஆறாம் மணி மத்தியானம் 12, ஒன்பதாம் மணி 3, பதினோராம் மணி சாயங்காலம் 5. முதலில் வந்தவர்கள் வேலை தொடங்கியது காலை 6 மணி வாக்கில், வேலை முடிவது சாயங்காலம் 6-க்கு. கடைசியாக வந்தவர்கள் ஒரு மணி நேரம்தான் வேலை செய்தார்கள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. "ஒரு பணம்" என்று நம் பைபிளில் இருப்பது ரோமர்களின் தெனாரியஸ் என்கிற வெள்ளிக்காசு, ஒரு நாள் கூலி. இவ்வளவு பின்னணி போதும்.

அப்புறம் பத்தாம் வசனத்துக்கு முன்னால் வாசிப்பை நிறுத்துங்கள். ஐந்து மணிக்கு வந்தவன் கையில் ஒரு முழுப் பணம் விழுந்துவிட்டது, காலையில் வந்தவன் வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இவருக்கு எவ்வளவு கொடுக்கணும்? சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கொழுந்து பறிக்கிற அக்காமார் இருந்தால் பதில் அங்கிருந்துதான் வரும். சாக்கு தராசில் ஏறி, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மீதி கிலோ நோட்டில் ஏறுவதை நாள் தவறாமல் பார்க்கிறவர்கள் அவர்கள். ஒரு கிலோ கூடக் குறைய எழுதினால் அங்கேயே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களின் பெரியவர்கள் இருந்தால், "அரைப்பேர்" என்ற சொல்லே அவர்களுக்குப் பழைய எரிச்சலைக் கிளப்பும். முழுநாள் நின்றும் பாதிநாள் கணக்கு! அந்த அறையில் "காலையில வந்தவருக்கு அதிகமாத்தான் கொடுக்கணும், அதுதானே நியாயம்" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். அதை அடக்காதீர்கள், "சகோதரி, அப்படி நினைக்கக் கூடாது" என்று பாடம் நடத்தவும் வேண்டாம். கதைக்குள் முறுமுறுத்தவர்கள் சொன்னதும் அதேதான், "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே."

இப்போது மீதியை வாசியுங்கள். வாசித்த பிறகு இரண்டு விஷயத்தைக் காட்டலாம், இரண்டுமே மேலோட்டமாகப் படித்தால் கண்ணில் படாதவை. ஒன்று, கூலியைக் கடைசி ஆளிலிருந்து கொடுக்கச் சொன்னது எஜமான்தான். முந்தி வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் பேசின காசை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான், பிரச்சினையே வந்திருக்காது. அவன் பார்க்க வேண்டும் என்றே வரிசை மாற்றப்பட்டிருக்கிறது. மற்றொன்று, ஐந்து மணிவரை சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். பலமான ஆளை எல்லாம் காலையிலேயே கூட்டிப் போய்விட்டார்கள், மிச்சம் நிற்பவர்கள் வயதானவர்கள், முடியாதவர்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். ஒரு பணத்துக்குக் குறைந்தால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எஜமான் பார்த்தது வேலை நேரத்தை அல்ல, அந்த வீட்டுத் தேவையை.

பெரிய கேள்வி இதற்கு அப்புறம்தான். இந்தக் கதையில் நாம் யார்? கேட்டால் எல்லோரும் தாழ்மையாக, "நாம பதினோராம் மணிக்காரங்க" என்பார்கள். சும்மா சொல்கிற தாழ்மை அது. வாராவாரம் ஜெபத்துக்கு வருகிறவர்கள், பாய் விரிப்பவர்கள், உபவாசம் இருப்பவர்கள், லெந்து காலத்தில் கறி தொடாதவர்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்காரர்கள்தான். இயேசு இந்தக் கதையைச் சொன்னதே ஒரு ஆறு மணிக்காரனுக்கு. ஒரு அதிகாரம் முன்னால் போய் மத்தேயு 19:27-ஐ வாசித்துக் காட்டுங்கள். பேதுரு கேட்கிறான், "நாங்கள் எல்லாவற்றையும் விட்டு, உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?" அதற்கு நல்ல பதில் கொடுத்துவிட்டு, கையோடு இந்தக் கதையையும் சொல்கிறார். முந்தி வந்தவனை எஜமான் திட்டவில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள். "சிநேகிதனே" என்றுதான் கூப்பிடுகிறான், பேசின கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை. ஆறு மணிக்காரனும் வெளியே நின்றவன்தான், அவனையும் தேடி வந்து கூப்பிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். வேலை கிடைக்குமா என்ற பயத்தில் சாயங்காலம்வரை நிற்காமல் தப்பித்ததே அவனுக்குக் கிடைத்த தயவு. இதைச் சொல்லும்போது அறை கொஞ்சம் அமைதியாகும், அடுத்த வசனத்துக்கு ஓடாதீர்கள்.

ஹட்டிகளில், அதாவது படகர் சமூகத்து ஊர்களில், நடக்கிற ஜெபம் என்றால் கொஞ்சம் கவனம். பாசல் மிஷன் 1846-ல் கேத்தியில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து வருகிற விசுவாசக் குடும்பங்கள் இந்த மலையில் உண்டு, அவர்களில் பலர் சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கிற சிறு விவசாயிகள். பச்சைத் தேயிலை கொடுத்துவிட்டுத் தொழிற்சாலை என்ன விலை போடுமோ என்று காத்திருப்பவர்களும், அவர்கள் தோட்டத்தில் ஆள்கூலிக்கு வருகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எஜமானும் வேலையாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்கிற கதை இது. யாரையும் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

"சரி, எவ்வளவு செய்தாலும் மன்னிப்பு என்றால் இஷ்டத்துக்கு இருக்கலாமே?" இந்தக் கேள்வி வந்தே தீரும், பெரும்பாலும் பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்கிற வாலிபப் பையனிடமிருந்து. சந்தோஷப்படுங்கள், கிருபையைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். பவுலுக்கும் இதே கேள்விதான் வந்தது. ரோமர் 5:20-ல் "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்று எழுதினவர், அடுத்த அதிகாரத்தை இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறார். "கூடாதே" என்று பதில் சொல்கிறாரே தவிர, கிருபையின் அளவைக் குறைத்துச் சமாளிக்கவில்லை. நீங்களும் குறைக்காதீர்கள். "கிருபைதான், ஆனா..." என்று ஆரம்பித்தால் அந்த "ஆனா"தான் வீட்டுக்குப் போகும். அதற்குப் பதிலாக வரி வசூலித்த சகேயுவைக் காட்டுங்கள் (லூக்கா 19). இயேசு முதலில் அவன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகு. எது முதலில், எது பிறகு என்பதைக் காட்டினாலே பையனுக்குப் புரிந்துவிடும்.

மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மத்தேயு 18-ல் கடன்பட்டவன் கதையை எடுத்து, கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி, அதாவது 1,60,000 வருஷத்துக்கு மேல் லீவே போடாமல் உழைக்க வேண்டும். அந்த ஆள் "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று கெஞ்சுவது கிட்டத்தட்ட சிரிப்பு. ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே அடித்துவிட்டான். அவன் வெளியே போய் சட்டையைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்கு, மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம். அது சின்னத் தொகை என்று சொல்லிவிடாதீர்கள், குழுக்கடன் கட்டுகிறவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று. பிறர் நமக்குச் செய்தது நிஜமான கடன்தான், அதை இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி அம்மா வீட்டில் இருக்கிற பெண் அந்த அறையில் இருக்கலாம். கிருபையைப் பேசி, "மன்னிச்சுத் திரும்பிப் போம்மா" என்று அவளை அனுப்புகிற வேலையை எந்த வசனமும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. தேவன் அவனை மன்னிப்பார், மன்னிக்க வல்லவர், சரி. அதற்காக அவள் திரும்பப்போய் அடி வாங்க வேண்டியதில்லை. மன்னிப்பு வேறு, மறுபடியும் சேர்ந்து வாழ்வது வேறு. ஜெபம் முடிந்த பிறகு பாதுகாப்பான இடமும் உதவியும் தேடுவதில் அவளுக்குக் கூட நில்லுங்கள்.

இன்னொருவரும் இருப்பார், பிள்ளையை இழந்தவரோ நோயில் கிடப்பவரோ. "எல்லாருக்கும் கிருபைன்னா எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் கண்ணில் தெரியும். "விசுவாசம் பத்தலை" என்ற பேச்சை யாராவது எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2 கொரிந்தியர் 12-ல் பவுல் தன்னை வாட்டின ஒரு வேதனையை, "முள்" என்று அவர் சொல்வதை, எடுத்துவிடச் சொல்லி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. காலண்டரில் அழகாக அச்சடித்துத் தொங்குகிற இந்த வசனம் உண்மையில் மறுக்கப்பட்ட ஒரு ஜெபத்துக்குக் கிடைத்த பதில். இதை விளக்கிக்கொண்டே போகாமல் வாசித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருவது மேல்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் கூட்டத்துக்கு வருவார்கள். நாம் கிருபை என்பதை அவர்கள் அருள் என்பார்கள், இரண்டு சொல்லையும் சொல்லுங்கள், யாரும் அன்னியமாக உணரமாட்டார்கள். யார் சபை சரி என்ற சண்டை எழுந்தால் ஒரு தகவல் கையில் இருக்கட்டும். 1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுவது தன் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் அடிப்படையில் இவ்வளவு ஒப்புதல் உண்டு என்பதே நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

அப்படியானால் கடைசியில் எல்லோருமே இரட்சிக்கப்படுவார்களா என்று கேட்டால், அதில் சபைகள் ஒரே பதில் சொல்வதில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர் காலத்திலிருந்து நடக்கிற வழக்கை நீங்கள் இருபது நிமிஷத்தில் தீர்க்கப்போவதில்லை. வேண்டுமானால் யோனா நாலாம் அதிகாரத்தை வாசியுங்கள். நினிவேக்கு மன்னிப்புக் கிடைத்ததற்காகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்த தீர்க்கதரிசி அவன். தேவனோ ஆமணக்குச் செடியைக் காட்டி, லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு நான் பரிதபிக்கக் கூடாதா என்று கேட்கிறார், அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

சில்லறை விஷயங்கள். பேச்சு இருபது நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், மீதி நேரம் அவர்கள் பேசட்டும். சாட்சி சொல்லச் சொன்னால், குடியை விட்டவரை எழுப்பி நிறுத்தி அவர் பழைய கதையை எல்லோர் முன்னாலும் உரித்துக் காட்டாதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். கிருபை இலவசம் என்று முடித்த கையோடு காணிக்கைப் பையைச் சுற்ற விடுவது எனக்கு என்றைக்குமே ஒட்டவில்லை. அன்றைக்கு ஒரு நாள் பாட்டு ஆரம்பிக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், பனி இறங்கின பிறகு லைன் வீடுகளுக்குப் போகிற பாதையில் காட்டுமாடு நிற்கும், கரடியும் வரும், டார்ச் இல்லாமல் யாரையும் தனியாக அனுப்ப வேண்டாம். டீயும் வர்க்கியும் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரமும் இதையே தொடரச் சொன்னால் லூக்கா 15-க்கு, கெட்ட குமாரன் கதைக்குப் போங்கள், ஆனால் இளைய குமாரனில் தொடங்காமல் வயலிலிருந்து வீட்டுக்கு வருகிற மூத்தவனில் தொடங்குங்கள். முந்தின வாரம் "அதுதானே நியாயம்" என்று சொன்ன அக்காவையே அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள்.