மூன்று பேர், ஒரே மீட்டர்: கரண்ட் பில்லைப் பிரிப்பது எப்படி?

சென்னையில் இரண்டு பெட்ரூம் வீட்டை மூன்று பேர் பகிர்ந்தால் வாடகையில் அவ்வளவாகச் சண்டை வராது. கரண்ட் பில்லில்தான் வரும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஒருவர் ஓட்டும் ஏசிக்கு எல்லாரும் தண்டம் கட்ட வேண்டும்.

எலக்ட்ரீஷியனை வைத்து ஏசி லைனில் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டுங்கள். இ.பி. ரீடிங் எடுக்கும் அன்றே அதையும் போட்டோ எடுங்கள். இரண்டு நாள் தள்ளினாலே கணக்கு இடிக்கும்.

மொத்தம் 620 யூனிட், சப்-மீட்டரில் 240 என்று வையுங்கள். மீதி 380-க்கு மட்டும் எவ்வளவு பில் வந்திருக்கும் என்று பார்த்து, அதை மூன்றாகப் பிரியுங்கள். அதற்கு மேல் வருவது முழுக்க ஏசிக்காரர் தலையில். சராசரி விலை போட்டால் மற்ற இருவருக்கும் நஷ்டம்தான்.

ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் பொதுக்கணக்கு; அதில் பைசா பார்க்காதீர்கள்.